தேவதானமும் நீதியரசர் பிஜன் குமார் முகர்ஜியும்

திருக்கோயிற் சுவர்களிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்களைப் பயின்றார் ஒரு செய்தியை நன்கறிவர். நந்தா விளக்கெரிக்கச் சாவா மூவாப் பேராடு விட்டவனும், திருவமுதுக்கு நிலம் ஈந்தவனும், திருநந்தவனம் அமைத்தவனும் தத்தம் கொடையை விரித்துரைத்தபின், இவ்வறத்தைக் காப்பவன் திருவடி எம் தலைமேலது என்னும் கருத்துப்பட எழுதுவித்து முடிப்பர். ஈந்தவன் முடிமன்னனாயினும் ஆகுக. தான் மறைந்தபின் எந்நாளிலோ எவனோ ஒருவன் அவ்வறத்தைக் காவாதொழியின் அது நில்லாது என்பதை உணர்ந்து, முகமறியாத அக்காவலனை முன்னரே வணங்கி வைத்தான். அவ்வணக்கத்துக்கு உரியராயினார் வரிசையில், தமிழ் ஒரு சொல்லும் கற்றிராத வங்க நாட்டு நீதியரசர் ஒருவரும் உளர் என்பதே இக்கட்டுரையிற் கூறப் புகுந்தது. அவர் இந்திய உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாகவும், பின்னர்த் தலைமை நீதிபதியாகவும் விளங்கிய பிஜன் குமார் முகர்ஜி ஆவர்.

வழக்கறிஞர் எழுத வேண்டிய பொருளைச் சைவம் பயின்ற முதியோன் ஒருவன் குடமுழுக்கு மலரில் எழுதுவது என்னையெனின், திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர் பலர் எளியேனை அடுத்து வினவிய வினா ஒன்றே காரணமாம். “யாங்கள் கொடுத்தது இனி யாருடையது? ஆண்டவனுடையதா, அறங்காவலருடையதா, அரசினருடையதா?” என்று அவர் வினவினர். அவ்வினாவுக்கு விடை கூறியவர்களுள் தலைசிறந்தார் இந்நீதியரசர்.

நம் முன்னோர்க்கு இவ்வினாவில் ஐயம் எழுந்ததில்லை. தேவதானம் என்னும் பெயரே விடையாயிற்று. சிவபெருமானுக்கு நிலம் விற்றவரும், கோயிற் பண்டாரத்திற் கடன் கொண்டவரும் ஆதிசண்டேசுவரர் பெயராலேயே எழுதிக் கொடுத்தனர். தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களில் ஊர்ச்சபையார் சண்டேசுவரரிடமிருந்து காசு பெற்று, அதற்கு ஆண்டுதோறும் வட்டி செலுத்த இசைந்த செய்திகள் பல உள. கடன் கொடுப்பார் தேவர். கணக்குக் கேட்பாரும் தேவர். இடைநின்று எழுதுவோர் அவர்தம் பணியாளர். இறைவனை உடையவனாகக் கொள்வதில் அக்காலத்தார்க்கு இடர்ப்பாடு ஒன்றுமில்லை.

ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் ஏற்பட்டபின் இடர்ப்பாடு தோன்றிற்று. 1817-இல் சென்னை அரசாங்கம் ஏழாம் ரெகுலேஷன் என்னும் சட்டத்தால் கோயில் நிலங்களின் மேற்பார்வையைக் கைக்கொண்டது. பின்னர்க் கிறித்தவ அரசாங்கம் இந்துக் கோயில்களை நடத்துவதா என்று இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பினால் அப்பொறுப்பினின்றும் விலகத் தொடங்கி, 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குழுக்களிடம் அதனை ஒப்புவித்தது. வழக்குக்கள் மலிந்தன. நீதிபதிகள் தம் நாட்டு நம்பிக்கைப் பொறுப்புச் சட்டத்தை அளவுகோலாகக் கொண்டு, மடாதிபதி என்பவர் யார், கோயிற் பூசைக்காரர் யார், திருவுருவம் என்பது பொருளா ஆளா என்றெல்லாம் ஆராய்ந்தனர். 1921-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் வித்யாவாருதி தீர்த்தர் வழக்கிலே அமீர் அலி என்னும் முகம்மதிய அறிஞர், மடத்தலைவரை ஆங்கிலச் சட்டம் கூறும் தருமகர்த்தராகக் கொள்ளலாகாது என்று தெளிவித்தார். 1925-இல் அதே மன்றம், கல்கத்தாக் குடும்பம் ஒன்றன் வழிபடு தெய்வம் பற்றிய வழக்கில், திருவுருவத்தை மேசை நாற்காலி போன்ற பொருளாகக் கருதி இடம்பெயர்க்க எவருக்கும் உரிமையில்லை என்றும், அதன் சார்பிற் பேசுவோர் ஒருவரைக் கேட்டே முடிவு செய்தல் வேண்டும் என்றும் கூறிற்று. சண்டேசுவரர் மறுபடியும் நீதிமன்ற வாயிலில் வந்து நின்றார் எனலாம்.

இந்நிலையில் வந்தவரே முகர்ஜி. 1891 ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்தவர். கல்கத்தாவில் வழக்கறிஞராக விளங்கியவர். சட்டக் கல்வியிற் டாக்டர் பட்டம் பெற்றவர். வடமொழி நூல்களை மொழிபெயர்ப்பின் வாயிலாக அன்றி மூலத்திலேயே கற்றவர். 1936-இற் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1947-இல் வங்கநாடு இரண்டாகப் பிளக்கப்பட்ட பொழுது அமைந்த எல்லைக் குழுவின் உறுப்பினர் நால்வருள் ஒருவராக இருந்தார். இந்து உறுப்பினர் இருவரும் முகம்மதிய உறுப்பினர் இருவரும் உடன்பட இயலாமையின் தலைவர் ராட்கிளிப் என்பவரே கோடு வகுத்துச் சென்றார். 1948-இற் பெடரல் கோர்ட்டு நீதிபதியாகித் தில்லி சென்ற இவர், 1950 ஜனவரியிற் குடியரசு மலர்ந்தவழி உச்ச நீதிமன்றத்தின் முதல் நீதிபதிகளுள் ஒருவரானார்.

இவர்தம் பெருந்தன்மைக்குச் சான்றாக வழக்கறிஞர் உலகம் நெடுங்காலமாகப் போற்றிவரும் செய்தி ஒன்று உண்டு. 1954 தொடக்கத்தில் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார் ஓய்வுபெற்ற காலத்து, அடுத்த மூத்தவரான மெஹர் சந்த் மகாஜனை விலக்கி முகர்ஜியைத் தலைவராக்கப் பிரதமர் நேரு எண்ணினார் என்றும், மூத்தவரைத் தாண்டிச் செல்லும் பதவி தமக்கு வேண்டாவென்று இவர் மறுத்தனர் என்றும் கூறுவர். மகாஜனே தலைவரானார். அவ்வாண்டு டிசம்பர் 22-ஆம் நாள் அவர் ஓய்வுபெற்ற பின்னரே முகர்ஜி அவ்விருக்கையில் அமர்ந்தார்.

நீதிபதி என்ற அளவில் இவர் செய்தது ஒருபுறம் இருக்க, இவர் இயற்றிய நூல் ஒன்று தனியே நிற்பது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் டாகூர் சட்டச் சொற்பொழிவுகளாக நிகழ்த்தி, இந்துக்களின் சமய அறக்கட்டளைகள் பற்றிய சட்டம் என்னும் பொருளில் வெளியிட்ட நூல் அது. இந்நாள் வரை நீதிமன்றங்களிற் கோயில் வழக்கு வாதிப்போர் கையில் இல்லாதொழியாத நூல் என்பர். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அயோத்தி வழக்கில் அளித்த தீர்ப்பிலும், தெய்வத்துக்குச் சட்டத்தில் ஆள் தன்மை உண்டாவது எங்ஙனம் என்னும் பகுதியில் அந்நூல் எடுத்தாளப்பட்டுள்ளது.

அந்நூலின் உள்ளீடு சைவர்க்கு ஆராயத்தக்கது. தேவதைகள் பொருளை உண்மையில் ஏற்பதுமில்லை, விரும்பியவாறு செலவிடுவதுமில்லை. ஆதலின் தேவக்கிராமம் என்பது உபசார வழக்கே என்று மீமாஞ்சை உரையாசிரியராகிய சபரர் கூறினர். அக்கொள்கையை முகர்ஜி மறைக்கவில்லை, எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். ஆயினும் அங்கே நின்றுவிடாது, கொடுத்தவன் தன் உடைமையைத் துறந்தான். அர்ச்சகனும் தருமகர்த்தனும் அதனைப் பெற்றாரல்லர். உரியவன் இன்றிப் பொருள் நிற்றல் ஆகாது. எனவே கொடுத்தவனுடைய அறக்கருத்துக்கு உருவாய் நிற்கும் திருவுருவத்தையே சட்டம் உடையோனாகக் கொள்கிறது என்று முடிவு கட்டினார். சித்தாந்தம் கற்ற நம்மனோர்க்கு இது முழுதும் உடன்பாடன்று. ஆன்மாக்களையும் உலகையும் உடைமையாகவும் தன்னை உடையானாகவும் கொண்ட பதியை, ஈந்தவன் எண்ணத்தின் உருவம் என்று மட்டும் கூறி அமைதல் நமக்கு எப்படி இசையும்? ஆயினும், சமய உண்மையை நிறுவுவது நீதிமன்றத்தின் தொழிலன்று. கோயில் நிலத்தைத் தன்னது என்று ஒருவன் கூறிவரும் பொழுது, “நின்னது அன்று, அவனது” என்று சொல்லுதற்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல்லை இவர் திரட்டிக் கொடுத்தார்.

இனிச் சிரூர் மடத்து வழக்குக்கு வருவோம். உடுப்பியில் மத்துவாசாரியார் நிறுவிய எட்டு மடங்களுள் சிரூர் மடமும் ஒன்று. கிருட்டிணன் திருக்கோயிற் பூசை எட்டு மடங்களுக்கும் முறைப்படி வந்து சேரும். முறையொன்றுக்கு ஈராண்டு, மீண்டும் அதே மடத்துக்கு முறை வரப் பதினாறாண்டு. இதனைப் பர்யாயம் என்பர். பர்யாயம் ஏற்கும் மடம் அன்னதானமும் விழாக்களும் பெருஞ்செலவில் நிகழ்த்துதல் மரபு. மத்துவர் வழக்கு நமக்கு எற்றுக்கு என்று சைவ அன்பர் முகம் சுளிக்க வேண்டா. தென்கன்னடம் அந்நாளிற் சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம். அவ்வழக்கிற் சோதிக்கப்பட்ட சட்டமே திருவாவடுதுறைக்கும் தருமபுரத்துக்கும் திருப்பனந்தாளுக்கும் பொருந்திய சட்டம்.

சிரூர் மடத்து இலக்குமீந்திர தீர்த்த சுவாமிகள் 1919-இற் சிறு பருவத்திலேயே பட்டத்துக்கு வந்தவர். உரிய பருவம் எய்தி நிர்வாகம் ஏற்றபொழுது மடம் பெருங்கடனில் இருந்தது. அதனிற் பெரும் பகுதியைத் தீர்த்தனர், அதற்குள் பர்யாய முறை வந்தது, மீண்டும் கடன். 1946-இல் இரண்டாம் பர்யாயம். போர் முடிந்த காலமாதலின் நெல்லும் பிறவும் கிடைத்தல் அரிது, விலையோ ஏற்றம். கடன் ஏறத்தாழ ஓர் இலட்ச ரூபாயை எட்டிற்று. அறநிலையப் போர்டு தலையிட்டு, மடத்துக்கு நிர்வாகி ஒருவரை அமர்த்த வேண்டும் என்றது. அமர்த்தப்பட்டவர் சுவாமிகளை மதியாது நடந்தமையின் அவ்வதிகாரத்தைச் சுவாமிகள் திரும்பப் பெற்றனர். உடனே போர்டு, மடத்துக்குத் தானே நிர்வாகத் திட்டம் வகுக்கத் தொடங்கியது. 1951 தொடக்கத்தில் சுவாமிகள் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். வழக்கு நிலுவையில் இருக்கும்பொழுதே 1951-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம் இயற்றப்பட்டமையின், அச்சட்டம் முழுதுமே ஆராய்ச்சிக்கு வந்தது.

அப்பொழுது அவ்வுயர் நீதிமன்றத்தில் இதனோடு உடன் கேட்கப்பட்ட மற்றொரு வழக்கு, தில்லைச் சபாநாயகர் திருக்கோயிற் பொது தீட்சிதர்களுடையது. அக்கோயிலை அரசாங்கம் தன் ஆட்சிக்குள் அறிவிக்கை செய்ததை அவர்கள் எதிர்த்தனர். இரண்டிலும் 1951 டிசம்பரில் மடத்தார்க்கும் தீட்சிதர்க்கும் சார்பாகவே தீர்ப்பாயிற்று. அரசாங்கம் மேல்முறையீடு சென்றது. தீட்சிதர் வழக்கிற் பின்னர் அறிவிக்கையை அரசாங்கமே விலக்கிக் கொண்டமையின் மேல்முறையீடு எழாது போயிற்று. சிரூர் வழக்கு மட்டும் நீதிபதி எழுவர் முன் வந்தது. எழுவருள் தமிழ்நாட்டைச் சேர்ந்த தி. இல. வேங்கடராம ஐயரும் ஒருவர். 1954-இல் எழுவர் சார்பிலும் தீர்ப்புரைத்தவர் முகர்ஜி.

சமயம் என்பது யாது என்னும் வினாவை அரசாங்க வழக்கறிஞர் எழுப்பி, கொள்கையும் நம்பிக்கையுமே சமயம். ஏனைய செயல்கள் உலகியலாம். அவற்றை அரசு ஒழுங்கு செய்யலாம் என்று வாதித்தார். முகர்ஜி இதனை ஏற்றிலர். கடவுளை ஏற்காத பௌத்தமும் சமணமும் கூடச் சமயங்களே என்பதை நினைவூட்டினார். சமயம் கொள்கையோடு நில்லாது. சடங்கும் வழிபாட்டு முறையும் ஒழுக்கமும் அதன் பகுதியாம். உணவும் உடையும் வரையில் அது செல்லுதலும் கூடும் என்றார். ஒரு செயல் அச்சமயத்துக்கு இன்றியமையாததா அன்றா என்பதை அச்சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டே முதற்கண் அறிதல் வேண்டும் என்பதும் அவர் கூறியது. திருவுருவத்துக்கு இன்ன வேளையில் இன்ன அமுது படைக்க வேண்டும், இன்ன காலத்து இன்ன விழா எடுக்க வேண்டும், நாள்தோறும் வேதம் ஓத வேண்டும், எரியோம்ப வேண்டும் என்று ஒரு சமயம் விதிக்குமாயின், அவையெல்லாம் சமயமே. பணம் செலவாகிறது, ஆள் அமர்த்தப்படுகிறார் என்பதனாலேயே அவை வாணிகச் செயல் ஆகிவிடா என்று அவர் எடுத்துரைத்தார்.

எளியேன் இளமையிற் பயின்ற திருமடத்தில் உச்சிக்காலத் திருவமுது நிகழ்ந்து மணியோசை கேட்ட பின்னரே மாணாக்கர்க்கு இலை போடுவர். பசியோடு அம்மணிக்குச் செவி சாய்த்திருந்த நாட்கள் பல. அவ்வேளையைக் கால்மணி நேரம் முன்னும் பின்னும் ஆக்குவதற்குக் காறுபாறு தம்பிரானுக்கும் அதிகாரம் இல்லை. பின்னாளில் இத்தீர்ப்பின் அப்பகுதியை அன்பர் ஒருவர் படித்து விளக்கிய பொழுது, அம்மணியோசையைத் தில்லியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கின்றாரே என்று வியந்தேன்.

மடாதிபதியின் நிலையை விளக்குமிடத்தும் அவர் நுண்ணறிவு புலனாகின்றது. மடத்தலைவர் வெறும் கணக்கர் அல்லர், ஆசிரியர். தாம் சார்ந்த நெறியைத் தாம் ஒழுகிக் காட்டி, மாணாக்கர்க்கு உபதேசித்துப் பரப்புதல் அவர் கடமை. பதவியும் உடைமையும், கடமையும் உரிமையும் அவரிடத்துப் பிரிக்கவொண்ணாது கலந்துள. அங்ஙனமாக, மடத்துச் செலவுக்குப்பின் எஞ்சியதைச் செலவிட அலுவலரின் இசைவு வேண்டும் என்றும், சீடர் திருவடியில் வைக்கும் பாதகாணிக்கைக்கும் கணக்கு வேண்டும் என்றும், அதிகாரிகள் கட்டளையிட்டவுடன் நிர்வாகி ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் சட்டம் விதிக்குமாயின், ஆசிரியர் அரசின் சேவகர் ஆகிவிடுவர் என்று அப்பிரிவுகளைச் செல்லாவெனத் தள்ளினார். நிறுவனங்களை அறிவிக்கை செய்து கைக்கொள்ளும் பிரிவுகளும் உடன் தள்ளப்பட்டன.

கமிஷனரும் அவர்தம் அலுவலரும் எச்சமய நிறுவனத்துள்ளும் புகலாம் என்று வரையறையின்றி விதித்த இருபத்தோராம் பிரிவும் அன்று வீழ்ந்தது. திருவுருவம் எழுந்தருளியுள்ள இடத்துக்குப் புறத்தாரை விடாமை எங்கணும் உள்ள மரபு என்றும், இறைவனுக்கு வழிபாட்டுக்குரிய வேளையும் ஓய்வுக்குரிய வேளையும் உண்டு என்றும், ஓய்வு வேளையில் எவரும் இடையூறு செய்யலாகாது என்றும் அவர் கூறினார். பள்ளியறைத் திருக்கதவம் சாத்தியபின் அதனைத் தட்டும் அதிகாரம் எவர்க்கும் இல்லை என்பது நமக்கு ஆகமம். அஃது அன்று அரசியற் சட்டத்தின் பொருளுமாயிற்று.

மடங்கள் தம் வருவாயில் நூற்றுக்கு ஐந்து வரையில் அரசுக்குச் செலுத்த வேண்டும் என்னும் எழுபத்தாறாம் பிரிவின் முதற்பகுதியும் நில்லாதாயிற்று. வரி வேறு, கட்டணம் வேறு; செய்யும் பணிக்கு ஈடாகப் பெறுவதே கட்டணம்; இதுவோ பணியோடு பொருத்தப்படாமற் பொதுக் கருவூலத்திற் கலப்பது; ஆதலின் இது வரியே; இவ்வரி விதிக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது முடிவு. 1954 மார்ச்சில், ஒரிசா மாநில மடம் ஒன்றன் வழக்கில், அத்தகைய தொகையைத் தனி நிதியாக வைத்து அப்பணிக்கே செலவிடும் சட்டத்தைச் செல்லும் என்று தீர்ப்பளித்தவரும் இவரே. மடம் என்றவுடன் ஒருபாற் சாய்பவர் அல்லர் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்விடத்து எம்மவரிடமே எளியேனுக்கு ஒரு குறை உண்டு. சிரூர்த் தீர்ப்பை மேடைதோறும் எடுத்துப் பேசுவோர் அதன் ஒரு பாதியையே பேசுகின்றனர். எந்தச் சடங்கு செய்வது என்பது சமயத்தார் உரிமை. ஆனால் அதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது உடைமை நிர்வாகத்தைச் சார்ந்தது. அறநிலையத்தின் பொருள் வீணாகாதபடி தக்க சட்டத்தின் வாயிலாக அரசு அதனைக் கட்டுப்படுத்தலாம் என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. உடைமையை நிர்வகிக்கும் உரிமையைச் சமயக் குழுவினரிடமிருந்து முற்றும் பறித்தல் ஆகாது. ஆனால் அந்நிர்வாகம் சட்டத்துக்கு உட்பட்டே நடத்தல் வேண்டும். சிரூர் மடத்துள் போர்டு நுழைந்ததற்கு வழி திறந்தது கடன் அன்றோ? கணக்கு நேராக இருந்த இடத்தில் அலுவலர் வந்து நிற்பதற்குக் காரணம் தேடவேண்டும். கணக்குக் கோணிய இடத்திற் காரணம் தானே வாயிலில் நிற்கும். நம் பழைய திருமடங்களில் நாளேடும் பேரேடும் எழுதாத நாள் இல்லை. அவ்வொழுக்கம் தளர்ந்த இடங்கள் உள என்பதைச் சைவ நன்மக்கள் அறியாதவர் அல்லர்.

திருப்பணிச் செல்வர்கள் இதனினும் கருதத்தக்கது பம்பாய் வழக்கு ஒன்று. 1954 மார்ச்சில் ரதிலால் பானாசந்த் காந்தி என்பார் தொடுத்த வழக்கில் முகர்ஜி அளித்த தீர்ப்பு அது. பம்பாய் அரசின் பொது அறக்கட்டளைச் சட்டம், ஓர் அறத்துக்கு ஈந்த பொருளை அதிகாரியோ நீதிமன்றமோ நலமென்று கருதும் வேறோர் அறத்துக்கு மாற்றலாம் என்று இடங்கொடுத்தது. ஈந்தவன் கருதிய அறத்தை இன்னும் செய்தல் கூடுமாக இருக்கையில், அப்பொருளை வேறிடத்துத் திருப்புதல் சமய நிறுவனங்களின் உரிமையிற் புகுந்து செய்யும் தகாத செயல் என்று அவர் அதனை விலக்கினார். கருதிய அறம் நடைபெறவே இயலாத இடத்து அதனை ஒத்த அறத்துக்கு மாற்றலாம் என்பது பண்டே உள்ள நெறி. அதனை அவர் மறுக்கவில்லை. திருவிளக்குக்கு ஈந்தது திருவிளக்குக்கே. பால் திருமஞ்சனத்துக்கு ஈந்தது அதற்கே. விளக்கெரிய இடமும் எண்ணெயும் உள்ளவரை, பள்ளிக்கூடமே சிறந்தது, மருத்துவமனையே சிறந்தது என்று வேறொருவர் மாற்றலாகாது. பள்ளிக்கூடத்துக்கு ஈவோர் பள்ளிக்கூடத்துக்கு ஈக, அதுவும் சிவபுண்ணியமே. அவரவர் கருத்து அவரவர் கொடையில் நிற்றல் வேண்டும். அன்பர் எளியேனிடம் வினவிய வினாவுக்கு இத்தீர்ப்பே நேர்விடை.

முகர்ஜிக்குப்பின் அவர் வகுத்த நெறி நேர்கோடாய்ச் செல்லவில்லை. 1957-இல் மூல்கி வேங்கடரமணர் கோயில் வழக்கில், வேங்கடராம ஐயர் வழங்கிய தீர்ப்பு, கோயிலைச் சார்ந்த குழுவினரின் உரிமையினும் இந்துக்கள் எல்லாரும் கோயிலுட் சென்று வழிபடும் உரிமை மேம்பட்டது என்றும், அதற்கு ஊறு இல்லாத சில சிறப்புச் சடங்குகளிலேயே அக்குழுவினர் தம் உரிமையைத் தனித்துக் கொள்ளலாம் என்றும் வரையறுத்தது. அது வேண்டிய வரையறையே என்பது எளியேன் துணிபு. 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையாற் சேர்ந்தவற்றைச் சமயத்தின் இன்றியமையாப் பகுதியினின்றும் பிரித்தறிய வேண்டும் என்றார். சமயத்தின் கோட்பாட்டைக் கொண்டு அறிக என்று முகர்ஜி கூறியது, இவ்வாறு நீதிமன்றமே ஆராய்ந்து அறிவது என்னும் நிலைக்குச் சிறிது சிறிதாக நகர்ந்தது. நீதிபதிகள் ஆகமம் கற்று முடிவு செய்யும் பொறுப்பைத் தாமே வலிந்து மேற்கொண்டது நலமா என்பதிற் கற்றோர் இரு திறத்தர். முகர்ஜி நின்ற இடமே தக்கது என்பது எளியேன் கருத்து.

தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டு இருபத்திரண்டாம் சட்டம், 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்தது. அதன்பின் 1970-இல் வந்த திருத்தம் பரம்பரை அர்ச்சகர் உரிமையை நீக்கியது. 1972-இற் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்று, அர்ச்சகரை அமர்த்துதல் உலகியற் செயல் என்றும், ஆனால் ஆகம விதிக்கு மாறாக அமர்த்துதல் ஆகாது என்றும் கூறிற்று. 2015 டிசம்பரில் ஆதிசைவ சிவாசாரியார் வழக்கிலும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. இரண்டிலும் சிரூர்த் தீர்ப்பு அடிநிலையாக நின்றது. தில்லை வழக்கோ மீண்டும் எழுந்தது. 1987-இல் அக்கோயிலுக்கு நிர்வாக அதிகாரி ஒருவரை அமர்த்த அரசாங்கம் ஆணையிட்டது. வழக்கு நெடிது நடந்தது. 2014 ஜனவரி 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீட்சிதர்க்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, குறைபாடு நேர்ந்த இடத்தில் நிர்வாகத்தை அரசு ஏற்பினும் அக்குறை தீருமளவும் ஏற்றலே தகும். அதற்குமேல் வைத்திருத்தல் ஆகாது என்றது. 1951-இற் சிரூர் மடத்தோடு உடன் கேட்கப்பட்ட வழக்கின் முடிவே அதற்குத் துணையாயிற்று.

தெய்வத்துக்கு ஆள் தன்மை உண்டு என்னும் கொள்கை கடல் கடந்தும் பயன்பட்டது. தஞ்சை வட்டாரத்துப் பத்தூர் விசுவநாத சுவாமி கோயிலுக்குரிய நடராசர் திருமேனி 1976-இல் நிலத்தில் அகப்பட்டு, வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டு, இலண்டன் மாநகரிற் காவலர் கையில் இருந்தது. கோயில் தானே வழக்காளியாக ஆங்கில நீதிமன்றத்தில் நின்று வழக்காடி வென்றது. 1991-இல் அம்மன்றத்தின் மேல்முறையீட்டுத் தீர்ப்பும் கோயிலின் பக்கமே ஆயிற்று, கூத்தப்பெருமான் மீண்டார். இடிந்து கிடந்த கோயில் எங்ஙனம் வழக்காடும் என்று நகைத்தாரும் அன்று உளர். ஆதிசண்டேசுவரர் பெயரால் வட்டி வாங்கிய நாட்டவர்க்கு அதில் நகைப்பு ஒன்றுமில்லை.

முகர்ஜி தலைமை நீதிபதியாக இருந்தது ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே. உடல்நலம் குன்றவே 1956 ஜனவரி 31-ஆம் நாள் பதவியைத் துறந்தார். மூன்று வாரத்தில், பிப்பிரவரி 22-இல், உலக வாழ்வையும் நீத்தார். அவர் மகனார் அமிய குமார் முகர்ஜியும் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். காசர்கோட்டு எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதி சுவாமிகள் தொடுத்த பெருவழக்கில் 1973 ஏப்பிரல் 24-இல் தீர்ப்புரைத்த பதின்மூவருள் அவரும் ஒருவர். அரசியற் சட்டத்தின் அடிப்படை அமைப்பை நாடாளுமன்றமும் அழித்தலாகாது என்று கூறிய பெரும்பான்மையருட் சேர்ந்தவர். தந்தையார் முன் ஒரு மடாதிபதி, மகனார் முன் ஒரு மடாதிபதி.

சிரூர் மடத்துக்குக் கடன் சேர்த்த 1946-ஆம் ஆண்டுப் பர்யாயத்துக்குப்பின், பதினாறு பதினாறாக எண்ணினால் 1962, 1978, 1994, 2010, 2026 என முறை வரும். கிருட்டிணன் சந்நிதியில் அவ்வவ்வேளைத் திருவமுது அம்முறைகளிலெல்லாம் அம்மடத்தார் கையாற் படைக்கப்படுவது.